ஏழு நாள் ஆப்பிரிக்க சஃபாரியில் மாசாய் மாரா, செரெங்கெட்டி, ங்கொரொங்கோரோ எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

ஆகஸ்ட்டில், குடும்பத்தோடு, முதல் தடவை போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாரா கென்யாவில், மற்ற இரண்டும் தான்சானியாவில். இரண்டு நாட்டையும் சேர்க்காதீர்கள், தான்சானியா மட்டும் போதும். வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டியே இருக்கும், ஆனால் அந்த எல்லையைப் பயணிகள் கடக்க முடியாது. இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றி வந்தால் ஒரு பகல் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். மாராவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை அங்கே வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் 200 டாலர் (2024 முதல்). 1,510 சதுர கிலோமீட்டரில் அத்தனை வண்டிகளும் குவியும். செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர்.

அதனால்தான் ஏஜென்ட் 'செரெங்கெட்டி 3 இரவு' என்று மட்டும் எழுதித் தந்தால் விடாதீர்கள். எந்தப் பகுதி என்று கேளுங்கள். நடுவில் உள்ள செரொனெராவில் சிங்கமும் சிறுத்தையும் ஆண்டு முழுவதும் உண்டு. ஆகஸ்ட்டில் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் வடக்கே கொகடெண்டே பக்கம், மாரா ஆற்றங்கரையில் இருக்கும். செரொனெராவிலிருந்து அங்கே போக நாலைந்து மணி நேரம் ஆகும், காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரமில்லை. இதே பயணம் பிப்ரவரியில் என்றால் வடக்கை மறந்துவிட்டுத் தெற்கே ந்டுட்டுவில் தங்குங்கள். வில்டபீஸ்ட் குட்டி போடும் காலம் அது. ந்டுட்டுவின் பெரும்பகுதி ங்கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால், தடத்தை விட்டு இறங்கி ஓட்டவும் அனுமதி உண்டு.

ஆகஸ்ட்டுக்கு நான் சொல்லும் வரிசை: தரங்கீரி பூங்காவில் ஒரு இரவு, ங்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒன்று, செரொனெராவில் இரண்டு, கொகடெண்டேயில் இரண்டு, அங்கிருந்து சிறு விமானத்தில் அருஷா நகரம். திரும்பியும் சாலையில் வந்தால் ங்கொரொங்கோரோ வழியாகக் கடப்பதற்கே மறுபடி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். விமானத்தில் 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பை. பூங்கா பெர்மிட் 24 மணி நேரக் கணக்கு. செரெங்கெட்டியின் நாபி ஹில் வாசலில் மதியம் 2 மணிக்கு நுழைந்தால், கிளம்பும் நாளிலும் 2 மணிக்குள் வெளியேற வேண்டும். பத்து நிமிடம் தாண்டினாலும் இன்னொரு நாள் கட்டணம்.

தரங்கீரி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். மற்ற நீர்நிலைகள் வற்றி யானைகள் ஆற்றுக்கு வந்து சேரும் காலம் அது. அங்கே செட்ஸீ ஈ கடிக்கும், கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும், காக்கி போடுங்கள். பள்ளத்தில் இறங்க வண்டிக்கு வரியோடு 295 டாலர், தலைக்கு அல்ல, நாலு பேர் சேர்ந்தால் தாங்கும். விடிந்ததும் இறங்குங்கள். விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், ஸ்வெட்டர் வேண்டும். கறுப்புக் காண்டாமிருகத்துக்கு நல்ல இடம். ஒட்டகச்சிவிங்கியைப் பள்ளத்தில் தேடாதீர்கள், இல்லை. மன்யாரா ஏரிப் பூங்காவை விட்டுவிடலாம்.

கேட்காத ஒன்று. ஆற்றைக் கடக்க மந்தை கரையில் கூடும்போது, 'இன்னும் கிட்டே போ' என்று டிரைவரை நச்சரிப்பவர்கள் நம்மவர்களிலும் ஏராளம். இறங்கும் வழியில் வண்டி நின்றால் மந்தை மிரண்டு திரும்பிவிடும், மணிக்கணக்கில் காத்திருந்த எல்லோருக்கும் நஷ்டம். டிப்ஸுக்குப் பயந்து டிரைவர் மறுக்க மாட்டார். தள்ளியே நிறுத்தச் சொல்லி முதல் நாளே நீங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும்.

நைரோபியில் தங்கித் திரும்புவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இந்தியாவில் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், டிக்கெட் எடுத்தவுடன் அதை முடித்துவிடுங்கள்.