வெளியூர்த் தண்ணீர் குடிக்காத பெட்டைக்குட்டியும் கின்ச்செம் குதிரையும்

கேள்வி: என்னிடம் இரண்டு வயதுப் பெட்டைக்குட்டி ஒன்று இருக்கிறது. மெலிந்த உடல், நீண்ட கால்கள். பந்தயத்துக்குப் பழக்க ஆரம்பித்திருக்கிறேன். வெளியூர் கொண்டுபோனால் தண்ணீரில் வாய் வைப்பதே இல்லை. ஒருமுறைகூடத் தோற்காத ஹங்கேரிக் குதிரை கின்ச்செமும் இப்படித்தான் என்று படித்தேன். அது வயிற்றுவலியில் இறந்தது என்பதால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மெலிந்த உடலை நினைத்துக் கவலைப்படாதீர்கள். கின்ச்செம் 1874 மார்ச் 17 அன்று ஹங்கேரியின் கிஷ்பேர் பண்ணையில் பிறந்தது. உரிமையாளர் எர்னோ பிளாஸ்கோவிச் தன் குட்டிகளை மொத்தமாக விற்க முன்வந்தபோது, வாங்க வந்தவர் இரண்டை மட்டும் தோற்றம் பிடிக்காமல் வேண்டாம் என்று கழித்துவிட்டார். அந்த இரண்டில் ஒன்றுதான் கின்ச்செம். 1876 முதல் 1879 வரை அது ஓடியது 54 பந்தயம், வென்றதும் 54.

ஆனால் ஒன்றில் மட்டும் அதைப் பின்பற்ற வேண்டாம். இரண்டு வயதிலேயே கின்ச்செம் 10 பந்தயங்களில் ஓடியது. அப்படித் தாங்கும் குட்டிகள் அபூர்வம். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) மூடுவதற்கே இரண்டரை வயதுவரை ஆகலாம். அதுவரை நடையும் மெல்லோட்டமும் போதும். முழு வேகம் வேண்டாம்.

இப்போது தண்ணீர் விஷயம். 1878 கோடையில் கின்ச்செம் இங்கிலாந்து சென்று குட்வுட் கோப்பையை வென்றது. அங்கிருந்து பிரான்சின் டோவில், அதை முடித்துக்கொண்டு ஜெர்மனியின் பாடன். கப்பலும் ரயிலுமாக, எல்லாம் சில வாரங்களுக்குள். பாடனில் பிரின்ஸ் கைல்ஸ் என்ற குதிரையுடன் சமமாக முடித்து, அன்றே மறு ஓட்டம் ஓடி வென்றது. இத்தனை அலைச்சலிலும் அது தளராததற்குக் காரணம், பழகிய சூழலைக் கூடவே கொண்டுபோனதுதான் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்பாளர் பிராங்கி அதன் அருகிலேயே படுத்துக்கொள்வார். கூடவே ஒரு பூனையும் பயணம் செய்யும். குளிர் இரவொன்றில் பிராங்கி போர்வையில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்து, தன் மேலிருந்த போர்வையை இழுத்து அவர்மேல் போட்டது என்று ஹங்கேரியில் இன்றும் சொல்கிறார்கள். கூடக் கொண்டுபோன சொந்த ஊர்த் தண்ணீர் தீர்ந்ததும் பாடனில் அது குடிக்க மறுத்தது என்பதும், பிறகு அதே சுவையுள்ள கிணறு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அப்படிச் சொல்லப்படுபவைதான்.

நீங்கள் கிணறு தேட வேண்டியதில்லை. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே, ஒரு வாளி நீரில் சிறு துண்டு வெல்லம் கரைத்துக் கொடுத்துப் பழக்குங்கள். அதே வெல்லத்தை வெளியூர்த் தண்ணீரில் கரைத்தால் வேற்றுச் சுவை தெரியாது. வீட்டு வாளியையே எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையும் கேனில் கொண்டுபோகலாம். வைக்கோலையும் புல்லையும் நனைத்துப் போடுங்கள். எப்போதும் பார்த்துக்கொள்பவரே கூடச் செல்லட்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம், நீங்கள் பயப்படும் அந்த வயிற்றுவலியேதான். நீர் குறைந்தால் உலர்தீவனம் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கின்ச்செம் ஐந்து குட்டிகள் ஈன்றது. அவற்றில் மூத்த பெட்டை 1885-இல் ஜெர்மன் டெர்பியை வென்றது. 1887 மார்ச் 17 அன்று, பதின்மூன்று வயது நிறைவடைந்த நாளில், வயிற்றுவலி கின்ச்செமைக் கொண்டுபோய்விட்டது. அதன் எலும்புக்கூடு புடாபெஸ்ட் வேளாண் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று இல்லாத அறுவை சிகிச்சையும் மருந்துகளும் இன்று இருக்கின்றன. ஆனால் நேரத்தோடு மருத்துவர் வந்தால்தான் அவற்றால் பயன்.

முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை மெதுவாக நடத்தலாம். எண்ணெயோ கஷாயமோ வாயைப் பிளந்து ஊற்றவே வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியைவிடப் பெரிய ஆபத்து. கொள்ளுத் தீவனத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக் கொடுங்கள். மணல் தரையில் தீவனம் போடாதீர்கள், தொட்டியில் போடுங்கள்.