குழந்தைக்குப் பக்கமும் முனையும் சொல்லி வடிவம் வரையக் கற்றுத் தருவது எப்படி?

நான்கு வயது மகளிடம் சதுரம் வரையச் சொன்னால் உருளைக்கிழங்கு போல வரைகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கவலையை விடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வட்டம் 3 வயதளவிலும், சதுரம் நான்கரை வயதை ஒட்டியும், முக்கோணம் 5 வயதை ஒட்டியும்தான் கைவருகிறது. சாய்கோடு இழுப்பது கடினம் என்பதால், மூன்றே பக்கமுள்ள முக்கோணம் சதுரத்துக்குப் பிறகு வருகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், பென்சிலைக் கடைசியில்தான் கொடுப்பேன். முதலில் விளக்குமாற்றுக்காகச் சீவிய ஈர்க்குச்சிகளை வெவ்வேறு நீளத்தில் நறுக்கி, சுண்டைக்காய் அளவு பிளாஸ்டிசின் (விளையாட்டுக் களிமண்) உருண்டைகளோடு மேசையில் வைத்துவிடுவேன். குச்சி பக்கம், உருண்டை முனை. மூன்று குச்சிக்கு மூன்று உருண்டை போதும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். ஒரு நீளக் குச்சியையும் இரண்டு குட்டைக் குச்சிகளையும் எடுத்த ஒரு சிறுவன், நுனிகள் ஒன்றையொன்று தொடாததைக் கண்டு, "கை எட்டல டீச்சர்" என்றான்; இரு குட்டைக் குச்சிகளும் சேர்ந்து நீளக் குச்சியைவிட நீளமாக இருக்க வேண்டும் என்ற விதியை அவன் விரல்கள் அன்றே அறிந்துகொண்டன.

செய்த சதுரத்தைச் சற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள். உடனே "கெத்துப்பாட்" (ஓலைப் பின்னலில் வேகவைக்கும், சாய்சதுரமாகத் தெரியும் மலாய்ச் சோற்றுப் பொட்டலம்) என்பார்கள் பிள்ளைகள். குழந்தை முதலில் முழுத் தோற்றத்தைக் கொண்டே வடிவத்தை அறிகிறது, பக்கத்தையும் முனையையும் கவனிப்பது அடுத்த படி என்று நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957இல் தங்கள் ஆய்வில் விளக்கினார்கள். அதனால் திருத்தாமல், மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள். நான்கு குச்சியும் நான்கு உருண்டையும் அப்படியே இருப்பதை அவளே பார்க்கட்டும். வீட்டில் "மூலை", பள்ளியில் "முனை" என்று இரண்டு சொல் வேண்டாம், ஒன்றையே சொல்லுங்கள்.

பிறகு தாளில் நான்கு புள்ளிகள் வையுங்கள். உங்கள் மகளின் சதுரம் உருண்டு போவதற்குக் காரணம், முனையில் அவள் கை நிற்காமல் வளைந்து ஓடுவதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் "நில், திரும்பு" என்று அவளே வாய்விட்டுச் சொல்லியபடி, வேண்டுமானால் பென்சிலைத் தூக்கி வைத்து வரையட்டும். சில நாள்களில் புள்ளிகளை இரண்டாகக் குறைத்து, பின்னர் வெறுந்தாளைக் கொடுங்கள். அழிப்பானை மட்டும் அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.