கடலூர், புதுச்சேரி பக்கம் கிராமத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆட வழி உண்டா?

கேட்டவர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் இருக்கிறார். பழைய அரை செட் மட்டை கையில் இருக்கிறதாம். உறுப்பினர் ஆகாமல் காசு கட்டி ஆடும் மைதானம் எங்கே என்றும், அக்கம்பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். "இதெல்லாம் நமக்கான ஆட்டம் இல்லை" என்று யாரோ சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடி பதில். உங்களுக்குப் பக்கம் சென்னைதான், புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். நந்தனத்தில் 18 குழி மைதானம் இருக்கிறது. மலைக்குப் போகத் தயாரென்றால் கொடைக்கானல், ஊட்டி இரண்டிலும் 18 குழி. கொடைக்கானல் மைதானம் 1895-இல் தொடங்கியது; அங்கே ஆடும்போது காட்டெருமை குறுக்கே வந்தால் அது போகும்வரை நிற்க வேண்டும், விரட்டக் கூடாது. இவை எல்லாமே கிளப் நடத்தும் மைதானங்கள். வெளியாளுக்கு இடம் கொடுப்பது அவர்கள் விருப்பம். கிளம்புமுன் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள்: வார நாளில் வெளியாள் ஆடலாமா, உறுப்பினர் அறிமுகம் வேண்டுமா, ஹேண்டிகேப் (ஆடுபவரின் திறனைக் குறிக்கும் எண், புதியவருக்கு அதிகம்) சான்று கேட்பார்களா, கிரீன் ஃபீயோடு (ஆடக் கட்டும் கட்டணம்) கேடி (மட்டைப் பை சுமப்பவர்) கூலி சேர்ந்ததா தனியா. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், இரும்பு முள் இல்லாத ஷூ கட்டாயம். ஹேண்டிகேப் இல்லையென்று பயப்பட வேண்டாம். 2020-இல் வந்த உலகப் பொது முறையில் ஆண், பெண் யாருக்கும் 54 வரை ஹேண்டிகேப் உண்டு. மொத்தம் 54 குழிகளுக்கான மதிப்பெண் அட்டை கொடுத்தால் போதும்.

ஆனால் பாகூரிலிருந்து வாராவாரம் சென்னைக்குப் போய் யாரும் ஆட்டம் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் இரண்டாவது பகுதிக்கு வருகிறேன்.

கோல்ஃப் என்றாலே பச்சைக் கம்பளமும் தண்ணீர் பீய்ச்சும் குழாயும்தான் கண்ணுக்கு வருகிறது. இந்த ஆட்டம் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடு. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே உழவுக்கு உதவாத மணற்பட்டை, அதில் மேயும் ஆடு, ஓயாத காற்று. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை நமக்கும் அப்படிப்பட்ட மணற்பட்டைதான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் புல்லே இல்லாமல் ஆடுகிறார்கள். கூபர் பீடி என்ற ரத்தினக்கல் சுரங்க ஊரில், பந்து வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டு செயற்கைப் புல் கையோடு எடுத்துப் போவார்கள். 2009-இல் திறந்த நல்லர்பார் லிங்க்ஸ் மைதானத்தில் 18 குழிகளும் 1,365 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓரமாகப் பரவிக் கிடக்கின்றன. ஒரு குழி ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஓட்ட வேண்டும். சின்ன ஊர்களில் காசு வாங்க ஆளே இருக்காது, உண்டியல் பெட்டிதான். நம் நாட்டிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் கோலார் தங்கவயலிலும் மணல் கிரீனில் ஆடியவர்கள் உண்டு. கிரீன் என்பது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி அடிக்கும் இடம்; புல்லுக்குப் பதில் அங்கே மணல். அதற்கு ப்ரவுன் என்று பெயர். நீங்கள் செய்ய வேண்டியதும் ப்ரவுன்தான்.

இடம். பாகூர் நஞ்சையை மறந்துவிடுங்கள். களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பந்து வெடிப்பில் போய்விடும். கடலைக் கொல்லை நல்லது: மார்கழிப் பட்டத்தில் விதைத்ததைப் பங்குனி, சித்திரையில் பிடுங்கிவிடுவார்கள், அதன்பிறகு ஆடி வரை பல கொல்லைகள் சும்மா கிடக்கும். மூன்று மாதத்துக்குப் பேசிக் குத்தகைக்கு வாங்கலாம். வெட்டி முடித்த சவுக்குக் கொல்லையும் ஆகும், ஆனால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் ஆடாதீர்கள். பந்து கட்டையில் பட்டு அடித்தவர் முகத்துக்கே திரும்பும், கணுக்காலும் பிசகும். முந்திரிக் கொல்லை வேண்டாம். காய் பொறுக்க ஆட்கள் குனிந்து நடமாடும் இடம், கிளைக்குக் கீழே இருப்பவர் தூரத்திலிருந்து தெரியமாட்டார். கடற்கரையும் வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது ஒரு காரணம். அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேட்டைக் கிளறினால் அடுத்த புயலுக்குக் கரை நிற்காது என்பது பெரிய காரணம். 2004 சுனாமிக்கும் தானே புயலுக்கும் பிறகு இதை இந்த ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும் கரையும் அதுதான்.

புறம்போக்கு என்றால் கடலூர்ப் பக்கம் ஊராட்சித் தீர்மானம், உங்கள் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மண் கொட்டாதீர்கள்.

மூன்று குழி போதும். 70, 85, 100 மீட்டர் என்று முக்கோணமாக வைத்து, சுற்றிவர 30 மீட்டர் பாதுகாப்பு விட்டால் ஏறக்குறைய 4 ஏக்கருக்குள் அடங்கும். பாதையோ வீடோ இருக்கும் பக்கத்தை, அடிப்பவருக்கு இடக்கைப் பக்கமாக வரும்படி அமையுங்கள். வலக்கைக்காரர் புதிதாக அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளையும். பந்தின் எடை 45.93 கிராம் வரை இருக்கும். தலையில் பட்டால் சாதாரணக் காயமாக இருக்காது. மாடு மேய்ப்பவர் ஒருவர் தெரிந்தாலும் அடிக்கக் கூடாது. அதை விதியாக எழுதியே வையுங்கள்.

இனி ப்ரவுன். மூன்று மாதக் கொல்லையென்றால் 3 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, இருக்கும் மண்ணையே நனைத்து உருட்டி, மேலே 2 செ.மீ. மணல் பரப்பினால் போதும். ஒரு வட்டத்துக்கு 20 கன அடி மணல். நிரந்தர இடமென்றால் ஆரம் 6 மீட்டர். முளைக்குச்சியில் கயிறு கட்டி வட்டம் இழுத்து, 10 செ.மீ. ஆழம் மேல்மண்ணை வெட்டி எடுங்கள். அதில் செம்மண் கிராவல் போட்டு, இறுகியபின் 7 முதல் 8 செ.மீ. நிற்கும்படி திமிசு அடிக்க வேண்டும். நாலு யூனிட் (400 கன அடி) ஆகும். கடலூர் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் இதற்கு அருமையாக இறுகும். உரிமம் உள்ள குவாரியில் ரசீதோடு வாங்குங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிட 6 செ.மீ. உயரமாக இருக்கட்டும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மழைத்தண்ணீர் ஓடிவிடும். ரோலர் இல்லையென்றால் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டுங்கள். குதிகாலை ஊன்றித் திருகினால் தடம் விழாத அளவுக்கு இறுக வேண்டும். விழுந்தால் மறுபடி நனைத்து மறுபடி உருட்டுங்கள். இங்கே அவசரப்பட்டவர்கள்தான் பிறகு மணலோடு அல்லாடுகிறார்கள்.

மேல் மணல் 6 மீட்டர் வட்டத்துக்கு 80 கன அடி, ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆற்றில் அள்ளி வராதீர்கள், அது குற்றம். பி-சாண்ட் (பூச்சு வேலைக்கு அரைத்த மணல்) போதும், அல்லது அந்த நிலத்து மணலையே 2 மி.மீ. வலையில் சலித்துக்கொள்ளலாம். மாவு போல நுணுக்கமாக இருந்தால் ஒரு தூறலில் மேலே பொருக்குத் தட்டிவிடும். பருமனாக இருந்தால் பந்து துள்ளித் துள்ளிப் போகும். கனம் 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பந்தின் விட்டமே 42.67 மி.மீ.; 3 செ.மீ. மணலில் உயரத்திலிருந்து விழும் பந்து பாதிக்கு மேல் புதைந்துவிடும், புட்டரால் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) அதை எடுக்க முடியாது.

சில ஊர்களில் மணல் பறக்காமலிருக்கப் பழைய எஞ்சின் ஆயிலைக் கலப்பார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதை இங்கே செய்துவிடாதீர்கள். நம் மணற்பட்டையில் அடிபம்பு தண்ணீர் எட்டிப் பிடிக்கும் ஆழத்தில் இருக்கிறது. ஊற்றும் ஆயில் நேராக அதில்தான் இறங்கும். ஆடுமுன் ஒவ்வொரு ப்ரவுனுக்கும் பூவாளியில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்தால் மணல் இரண்டு மணி நேரம் அடங்கி இருக்கும்.

குழியின் விட்டம் விதிப்படி 108 மி.மீ., ஆழம் குறைந்தது 101.6 மி.மீ. கடையில் கிடைக்கும் 110 மி.மீ. பிவிசி குழாயின் உள்விட்டம் இதைவிடக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை, சின்னக் குழியில் பழகினால் நல்லதுதான். 20 செ.மீ. துண்டு வெட்டி, வாயை அரத்தால் மழுக்கி, அடியில் ஒரு கை ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு நடுங்கள். குழாயின் வாய் மணல் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இருக்க வேண்டும். மேலே நீட்டினால் பந்து இடித்துத் திரும்பும், ரொம்ப இறங்கினால் மணல் சரிந்து சரிந்து குழி நிரம்பும். எப்படியும் நாளுக்கு இரண்டு தடவை கையால் மணலை அள்ளிப் போட வேண்டியிருக்கும். கொடிக்கு மெல்லிய சவுக்குப் போத்து, சிவப்புத் துணி. 2019-க்குப் பிறகு கொடியை எடுக்காமலே புட் செய்ய விதி அனுமதிக்கிறது.

ஆடும் முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. எல்லோரும் நடந்த தடம் மணலில் இருக்கும், அதன்மேல் பந்து உருளாது. அதற்கு ஒரு மீட்டர் பலகையில் கைப்பிடி அடித்த சின்னப் பரம்பு வேண்டும். பந்தின் இடத்தைக் குறித்து எடுத்துவிட்டு, குழியிலிருந்து பந்து வரை ஒரே இழுப்பு. அழுத்தாமல், பலகையின் சொந்த எடையிலேயே இழுங்கள். அழுத்தினால் நடுவில் வாய்க்கால் விழும், பந்து தானாகக் குழிக்குப் போய்ச் சேரும், அது ஆட்டமில்லை. வேறு சில இடங்களில் ஒரே ஒரு பாதையை மட்டும் சீவி வைத்து, பந்து கிடக்கும் தூரத்தைக் கயிற்றால் அளந்து அந்தப் பாதையில் வைத்து அடிப்பார்கள். கூட்டம் அதிகமென்றால் இது வேகம். எதுவானாலும் ஆட்டம் தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். மணலில் பந்து வளையாது, புல்லைவிட ஓங்கித் தட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் பந்தைப் ப்ரவுனில் நேராக இறக்காமல், நாலைந்து மீட்டர் முன்னால் கட்டாந்தரையில் இறக்கி உருளவிடுங்கள்.

உங்கள் அரை செட்டில் 7, 9 எண் இரும்பு மட்டைகள், பிட்சிங் வெட்ஜ் (கிட்ட இருந்து பந்தை உயரத் தூக்கும் மட்டை), புட்டர் இருந்தால் இந்த மூன்று குழிக்குப் போதும். சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தைத் தூக்கும் மட்டை) வாங்குவதாக இருந்தால் அடிப்பாகம் தடித்தது, அதாவது பவுன்ஸ் 10 டிகிரிக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். தளர்ந்த மணலில் மெல்லிய அடிப்பாகம் மண்வெட்டி போல இறங்கிவிடும். பந்து மஞ்சள் அல்லது ஆரஞ்சு. தேட விதிப்படி 3 நிமிடம்தான். புதருக்குள் மட்டையை விட்டுத் துழாவுங்கள், கையை விடாதீர்கள். விரியன் இருக்கும் ஊர் இது.

"ஏழைக்குத் தண்ணீரில்லை, இவர்களுக்கு கோல்ஃபா" என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன மைதானத்துக்கு நாளொன்றுக்கு ஆகும் தண்ணீர் ஆறு குடம். புல்தரைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்தப் பக்கம் திடல்களைக் கெடுப்பது எந்த ஆட்டமும் இல்லை, கண்ணாடிச் சில்லுதான். திருவிழாவோ கல்யாண ஊர்வலமோ முடிந்த மறுநாள் ஊர்த் திடலில் பீர் பாட்டில் உடைந்து கிடக்கிறது. கபடி ஆடும் பிள்ளைகள் வெறுங்காலோடு அதில்தான் இறங்குகிறார்கள். ஆடுமுன் சில்லு பொறுக்குவதையே பிள்ளைகள் வேலையாக ஆக்கிவிட்டோம். உடைப்பவனை ஒரு பெரியவர்கூட நிறுத்திக் கேட்பதில்லை. கோல்ஃபுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் திடல் பற்றிப் பேசும்போது சொல்லாமலிருக்க முடியவில்லை.

நேரம்: சித்திரை, வைகாசியில் காலை 6 முதல் எட்டரை வரை. முற்பகல் தாண்டிக் கடல்காற்று ஏறிவிட்டால் 9 இரும்பில் உயர்த்தி அடிக்கும் பந்து காற்றில் முட்டி நடுவழியிலேயே நிற்கும். 7 இரும்பில் தாழ அடிப்பதே சரி.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில், ப்ரவுன் மணலைச் சீவி ஒரு பக்கம் குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள். விட்டுவைத்தால் ஒரே புயலில் அத்தனையும் வரப்போரம் போய்விடும். குழாய் வாயைச் சாக்கால் அடைத்துவிடுங்கள். பொங்கல் கழித்துத் திறக்கும்போது கிராவலில் முளைத்த கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, ஒரு தடவை நனைத்து உருட்டிய பிறகே மணலைப் பரப்ப வேண்டும். அப்படியே பரப்பினால் மாசிக்குள் கோரை மணலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.