மூன்றாவது கூட்டத்துக்கு 6 பேர்தான் வந்தார்களா?

உங்கள் லிவிங் லேப் (ஒரு புதிய சேவையை, அதைப் பயன்படுத்தப்போகும் மக்களோடு சேர்ந்தே உருவாக்கிப் பார்க்கும் திட்டம்) நடத்திய முதல் கூட்டத்தில் 40 பேர், மூன்றாவதில் 6 பேர், மக்களுக்கு அக்கறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு செயலி என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டு, பட்டன் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று மட்டும் கேட்டால் யார்தான் திரும்பி வருவார்கள்?

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அதில் கருத்துக் கேட்பது 4-வது படி. முடிவெடுப்பதில் மக்களுக்கு உண்மையான பங்கு கிடைப்பது 6-வதிலிருந்துதான். உங்கள் லிவிங் லேப் இன்னும் 4-இலேயே நிற்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கூட்டத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். வந்த அந்த 6 பேரின் வீட்டுக்கே போய், ஒரு நாள் எப்படிக் கழிகிறது, எங்கே சிக்கல் வருகிறது என்று கூட இருந்து பாருங்கள் (கேள்வித்தாளை எடுத்துப் போகாதீர்கள், தயவுசெய்து). ஒருவேளை அவர்களுக்கு வேண்டியது செயலியே இல்லாமல், தினமும் ஒரு போன் அழைப்பாக இருக்கலாம், அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் மேலே போங்கள். அப்புறம் காகிதத்திலோ அட்டையிலோ அரைகுறையாக ஒரு மாதிரி வடிவம் செய்து அவர்கள் கையில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பளபளப்பாக இருந்தால் குறை சொல்லத் தயங்குவார்கள்.

யார் சொன்னதால் எது மாறியது, எதை ஏன் ஏற்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பயணச் செலவையும் கொடுங்கள், உங்கள் குழு சம்பளம் வாங்கித்தானே வேலை செய்கிறது?

நிதி முடிந்த பிறகு இதை யார் நடத்துவார்கள் என்றும் இப்போதே அவர்களோடு பேசிவிடுங்கள்.