குகை எண்ணும் குகையின் வயதும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பௌத்த, இந்துக் கலையையும் கோயில் கட்டடக் கலையையும் முறையாகக் கற்க ஆசை. ஆன்லைனில் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேரலாமா? அடுத்த மாதம் ஷீரடி பேக்கேஜில் எல்லோராவும் போகிறோம். அங்கே 1 முதல் 12 வரை பௌத்தக் குகைகள், 13-லிருந்து இந்துக் குகைகள். அப்படியானால் பௌத்தர்கள் குடைந்த மலையைப் பின்னால் வந்த இந்துக்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வாட்ஸாப்பில் வந்த செய்தி சரிதானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். வம்பு மூன்றாவதில்தான் இருக்கிறது என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

எல்லோராவில் நாம் பார்க்கிற 34 குகைகளின் எண்கள், மலையின் தெற்குக் கோடியிலிருந்து வடக்கே நடந்துபோகும் வரிசையில் இட்டவை. குடைந்த வரிசை அல்ல. உங்கள் தெருவில் 1-ஆம் எண் வீடுதான் முதலில் கட்டிய வீடா? அவ்வளவுதான் சங்கதி. பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று ஏற்கும் கால வரிசைப்படி, 21, 29 போன்ற சைவக் குகைகள் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மும்பைக்குப் பக்கத்தில் எலிபெண்டா குகைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு 29-க்குள் நுழைந்ததுமே ஒற்றுமை தெரிந்துவிடும். பௌத்தக் குகைகள் பெரும்பாலும் 7-ஆம் நூற்றாண்டிலும் 8-இன் தொடக்கத்திலும் வந்தவை. அப்புறம் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னர்கள் காலத்துக் குகைகள். சமணக் குகைகள் அதற்கும் பின்னால்.

ஆக, உங்களுக்கு வந்த செய்தி தலைகீழ். உடனே ‘பார்த்தீர்களா, இந்துக்களிடமிருந்து பௌத்தர்கள் பிடுங்கினார்கள்’ என்று புதுச் செய்தி தயாரித்து அனுப்பிவிடாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மலை கிடக்கிறது. அடுத்தவர் பாறையைப் பிடுங்க வேண்டிய நெருக்கடி யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கை மாறியதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 15-ஆம் குகையைப் பாருங்கள். தசாவதாரக் குகை என்று பெயர். சிவன் சிற்பங்களும் நிறைய. முற்றத்து மண்டபத்தில் ராஷ்டிரகூட மன்னன் தந்திதுர்க்கனின் கல்வெட்டு. ஆனால் குகையின் அமைப்பு, பக்கத்திலிருக்கும் மாடி வைத்த பௌத்த விகாரங்களைப் (பிக்குகள் தங்கும் மடங்கள்) போலவே இருக்கிறது. அது பௌத்த விகாரமாகத் தொடங்கப்பட்டது என்று அறிஞர்கள் பலர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. 11-ஆம் குகை பௌத்தக் குகை. அங்கே பிள்ளையாரும் மகிஷாசுரமர்த்தினியும் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்து ஒரு மலையே பறிபோனதாகக் கதை கட்டினால் அது வரலாறு ஆகாது.

எனக்கு உங்கள் மேல் இருக்கும் குறை வேறு. முறையாகக் கற்க ஆசை என்கிறீர்கள், ஆனால் கேட்பதோ யாருடைய சொத்து என்று. பட்டா பார்க்கிற கண்ணோடு போனால் சிற்பம் கண்ணில் படாது. 10-ஆம் குகைக்குப் போங்கள். விஸ்வகர்மா குகை என்பார்கள். கூரையில் விலா எலும்பு மாதிரி வளைந்த வாரைகள் ஓடும். எல்லாம் கல். மரக்கட்டடத்தில் கூரையைத் தாங்கிய வளைவுகளை, தாங்க எதுவும் இல்லாத பாறையில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். மரத்தில் கட்டிய சைத்தியங்கள், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபங்கள், எப்படி இருந்தன என்பதை இந்தக் கல்லை வைத்துத்தான் இன்று ஊகிக்கிறோம். கோடியில் ஸ்தூபி, அதன் முன்னே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பெரிய புத்தர். அந்தப் பக்கத்துத் தச்சர்கள் இவரைத் தங்கள் குலதெய்வம் விஸ்வகர்மா என்று கும்பிட்டு வந்ததை 19-ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தச்சர்களிடம் போய் இது யார் சாமி என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

இன்னொரு பயிற்சி. ஜடாமகுடத்தைக் கண்டதும் சிவன் என்று கும்பிட்டுவிட்டு நகராதீர்கள். மகுடத்தின் நடுவே சின்னதாக ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தால் அவர் அவலோகிதேசுவரர் என்கிற போதிசத்துவர். 6-ஆம் குகையில் மயிலோடு ஒரு அம்மன் நிற்பாள். சரஸ்வதி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவள் மகாமாயூரி, பாம்புக்கடியிலிருந்து காக்கும் பௌத்த தேவி. கை, மகுடம், ஆசனம், பக்கத்தில் நிற்பவர்கள் என்று இந்த வரிசையில் பார்க்கப் பழகினாலே பாதிப் பாடம் முடிந்தது. சான்றிதழ்ப் படிப்பு வேண்டுமானால் அதற்கப்புறம் சேருங்கள். சிலையைப் பார்க்காமல் ஸ்லைடில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

மதுரைக்காரரான நீங்கள் எல்லோராவுக்கு முன்னால் போக வேண்டிய இடங்கள் இங்கேயே இரண்டு உண்டு. ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சோழர் காலச் சிவன், அம்மன் திருமேனிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தரின் தலைமேல் தீச்சுடர் இருக்கும். முகத்தின் சாந்தமும் வார்ப்பின் நேர்த்தியும் நமக்குப் பழகியவை. நாகையில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன்.

இரண்டாவது, காஞ்சி கைலாசநாதர். பல்லவன் ராஜசிம்மன் எடுத்த கோயில். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றபோது இந்தக் கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் கல்வெட்டு வைத்தான். இன்றும் அங்கே இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமாதேவி, கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் காஞ்சிக் கோயிலின் சாயலில் விரூபாட்சர் கோயிலைக் கட்டினாள். அதன் அமைப்பைத்தான் எல்லோராவின் 16-ஆம் குகையில், ராஷ்டிரகூட முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கினார்கள். சாரம் கட்டி ஏறுகிற வேலை இல்லை, சிகரம் முதலில், அடித்தளம் கடைசியில். வெட்டியெடுத்த பள்ளத்தின் ஆழம் சுமார் 100 அடி. ஒரு இடத்தில் உளி தவறினால் ஒட்டவைக்க முடியாது. 812-ஆம் ஆண்டு பரோடாச் செப்பேடு, இதைச் செய்த சிற்பியே ‘நானா இதைச் செய்தேன்’ என்று திகைத்ததாகச் சொல்கிறது. காஞ்சியைப் பார்த்துவிட்டுப் போனால், மராத்திய நாட்டில் நிற்கும் அந்த விமானம் உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

கடைசியாக உங்கள் பேக்கேஜ். ஷீரடிக்கும் கிருஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்க தரிசனத்துக்கும் நடுவே எல்லோராவைச் செருகியிருப்பார்கள். கைலாசநாதர் என்று அங்கேயும் பெயர் பெற்ற அந்த 16-ஆம் குகையைச் சுற்றி வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். மற்ற குகைகள் படத்தில்தான். முடிந்தால் குழுவை அனுப்பிவிட்டு ஊரிலேயே இரண்டு இரவு தங்குங்கள். கிருஷ்ணேஸ்வர் கோயில் குகைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தரிசனமும் கெடாது. செவ்வாய்க்கிழமை எல்லோராவுக்கு விடுமுறை. அஜந்தாவும் போவதானால் அங்கே திங்கட்கிழமை.