காந்த சிகிச்சைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். விரல்கள் மட்டும் இறுகி மடங்கியே கிடக்கின்றன. காந்தம் வைத்தால் 20 நாளில் விரல் விரியும், மாத்திரையும் பயிற்சியும் வேண்டாம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். கட்டலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. மாத்திரையை நிறுத்தச் சொன்னாரே, அதிலேயே தெரிகிறது அவர் ஆள் பிடிப்பவர் என்று. உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுவது தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை என்றால், திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

கோளாறு கையில் இல்லை. தசையை அடக்கி வைக்கும் மூளைப் பகுதி அடிபட்டதால் தசை தன் போக்கில் இறுகுகிறது. காந்தத் தூண்டல் என்பது உண்மையான சிகிச்சைதான். கருவியின் கம்பிச்சுருளை (காயில்) கை மேல் வைத்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும், காந்தப்புலம் சட்டென்று மாறி மாறி நரம்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும், தசை துள்ளும். சிலருக்கு இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. ஆனால் அது நிலைப்பதில்லை. தளர்ந்த நேரத்தில் பயிற்சி கொடுத்தால்தான் பலன். பயிற்சியே வேண்டாம் என்பவரிடம் இந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

காந்த வளையம், காந்தப் படுக்கை, காந்தச் செருப்பு என்று விற்கிறார்களே, அவை வேறு. சும்மா கிடக்கும் காந்தம் நரம்பைத் தூண்டாது. அதற்காக நகையை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புறா ரத்தம் தடவுவதும் அப்படித்தான், நல்ல மாதங்கள் வீணாகப் போகும்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, பெருவிரலை முதலில் வெளியே எடுத்து, மற்ற விரல்களை மெதுவாக விரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். மெதுவாக விரித்தால் விரிகிறதா? அப்படியானால் தளர்த்த வழி இருக்கிறது. எப்படியும் விரியவில்லை என்றால் தசைநார் சுருங்கிவிட்டிருக்கலாம், அதைக் காந்தம் நீட்டாது. தினமும் விரித்து, உள்ளங்கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. இருந்த இறுக்கம் ஒரு வாரத்தில் திடீரென்று கூடினால் எந்தக் கருவிக்கும் ஓடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப் புண், விரலுக்குள் வளர்ந்த நகம், எதுவாகவும் இருக்கலாம். தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கால் விறைத்துப்போய்த் தூக்கி வந்தார்கள். ஊசியும் மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் கருவேல முள் ஒடிந்து சீழ் வைத்திருந்தது. மரத்த கால் என்பதால் அவருக்கு வலி தெரியவில்லை. முள்ளை எடுத்து, புண் ஆறியதும் கால் பழையபடி தளர்ந்தது. அதுவரை ஒருவரும் அவருடைய பாதத்தைப் பார்க்கவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடுகிறது. பாம்பன் பாலம் தாண்டி, அந்தக் கையோடு தினமும் பஸ் ஏறி யார் வருவது? இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க வேண்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் மறுநாளும் போய் நில்லுங்கள்.

அதோடு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, போட்டாக்ஸ் ஊசி பொருந்துமா என்று கேளுங்கள். இறுகிய தசையில் போடுவது, ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், அதற்குப் பிறகும் பயிற்சி உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, மூளை ரத்தக் குழாயில் உலோகக் கிளிப் போட்டிருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, யார் காந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.