கடலோரக் காட்டேஜில் சமையல் யார்?

கேள்வி: டப்ளினில், லூக்கன் பகுதியில் இருக்கிறோம். ஜூலையில் நாகப்பட்டினத்திலிருந்து மாமனார், மாமியார் இரண்டு மாதம் தங்க வருகிறார்கள். அவர்களையும் எங்கள் பிள்ளைகள் இருவரையும் (9 வயது, 4 வயது) கூட்டிக்கொண்டு மேற்குக் கடற்கரையில் ஒரு வாரம் காட்டேஜ் எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கலாம் என்று யோசனை. அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, முழங்கால் வலியும் உண்டு. டோனிகாலில் ஆரம்பித்து கார்க் வரை, மூன்று ஊர்களில் தங்கி முழுக் கடற்கரையையும் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு டிங்கிள் பக்கம் ஒரே வீட்டில் இருந்தால் போதும். மாமாவோ, "கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம்ம ஊர்ல இல்லாத கடலா?" என்று போனிலேயே சிரிக்கிறார். எந்த வீட்டை எடுப்பது, என்னவெல்லாம் கொண்டுபோவது?
- பெயர் வேண்டாம், லூக்கன்

பதில்: அன்புள்ள சகோதரி, வீடு எது என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்று கேட்கிறேன். அங்கே போய்ச் சமைக்கப்போவது யார்? உங்கள் கடிதத்தில் எல்லாரும் வருகிறார்கள், அந்த விஷயம் மட்டும் வரவில்லை. ஆறு பேருக்கு மூன்று வேளை, ஏழு நாள். அதை நீங்களும் அத்தையும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், லூக்கன் அடுப்படியை விட்டு 340 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அடுப்படிக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும். பாத்திரம் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம்!

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். என் யோசனை இது. காலையில் ரொட்டி, முட்டை, ஓட்ஸ் என்று அவரவர் எடுத்துக்கொள்வது. மதியத்துக்குக் காலையிலேயே எலுமிச்சை சாதமோ தயிர்சாதமோ கட்டி எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவது. அடுப்பு மூட்டி முறையாகச் சமைப்பது ராத்திரி ஒரு வேளைதான். அதிலும் ஏழில் மூன்று ராத்திரி உங்கள் கணவர். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்றால் ஜூலைக்குள் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. பாத்திரம் கழுவுவது மாமாவும் மூத்த பிள்ளையும். அத்தை, "நீ தள்ளு, நான் பார்த்துக்கிறேன்" என்று தானாகவே கரண்டியைப் பிடுங்குவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் விட்டுக்கொடுங்கள். வாரம் முழுக்க வேண்டாம், முழங்கால் தாங்காது. இந்தப் பத்தியைக் கணவரிடம் சத்தமாகவே படித்துக் காட்டலாம்.

சரி, இப்போது அவருடைய திட்டத்துக்கு வருவோம். டோனிகாலிலிருந்து கார்க் மாவட்டத்துக் கின்சேல் வரை போகும் அந்த வைல்ட் அட்லாண்டிக் வே என்ற கடலோரச் சாலை சுமார் 2,500 கிலோமீட்டர். அதை ஏழால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பல இடங்களில் இரண்டு பக்கமும் புதர் வேலி நெருக்கும் குறுகலான சாலை. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். உள்ளூர்ச் சிறு சாலைகளின் வேக வரம்பையும் 2025 பிப்ரவரியில் மணிக்கு 80-இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலிக்காரரையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இது வேண்டாத வேலை.

டோனிகால் திட்டத்தில் இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது. டப்ளினிலிருந்து டோனிகாலின் பெரிய ஊரான லெட்டர்கென்னிக்கு மேப் போட்டால், மோனஹன் தாண்டி ஓமா, ஸ்ட்ராபேன் வழியாகத்தான் காட்டும். அந்த இரண்டு ஊரும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் கேட், தடுப்பு ஒன்றும் கிடையாது. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், அவ்வளவுதான் அடையாளம். ஆனால் அயர்லாந்து விசா மட்டும் வைத்திருக்கும் இந்தியர் அங்கே நுழைய அனுமதி கிடையாது. மாமா, அத்தை விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்று குறித்திருந்தால் அது பிரிட்டனுக்கும் சேர்த்து. இல்லையென்றால் ஸ்லைகோ வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். நீங்கள் இருவரும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், இங்கே வேலை செய்யும் அனுமதி அட்டை கையில் இருந்தாலும் உங்களுக்கும் பிரிட்டன் விசா வேண்டும். தெரியாமல் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். அதை நம்பிப் பெரியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள்.

ஆக, டிங்கிள். உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. லிமெரிக் வரை நெடுஞ்சாலை, அப்புறம் அடேர், ட்ரலீ வழியாக. மேப் நாலரை மணி நேரம் சொல்லும், உங்கள் கூட்டத்துக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான வீடுகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று முழு வாரமாகத்தான் தருவார்கள். உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை, நல்ல வீடுகள் முன்கூட்டியே போய்விடும்.

படத்தில் அழகாகத் தெரியும் பழைய கல் வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மாதிரி வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் கூரைக்கு அடியில், செங்குத்தான மரப்படி ஏறிப் போவதாக இருக்கும். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதே தளத்தில் குளியலறையும் உண்டா என்று உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். ஹீட்டிங், மின்சாரம் வாடகையில் சேர்த்தியா அல்லது மீட்டர் பார்த்துத் தனியா என்றும் கேட்க வேண்டும். ஜூலையிலும் ராத்திரி ஹீட்டிங் போடுவீர்கள், நாகப்பட்டினத்துக்காரர்கள் இருக்கிறார்களே! வீட்டுக் கதவுக்கும் சாலைக்கும் நடுவே வேலி இருக்கிறதா என்பது நாலு வயதுக்காக. கடைசியாக ஏர்கோடு, அதாவது அஞ்சல் குறியீடு. அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. அந்த ஏழெழுத்துக் குறியீட்டைப் போட்டால்தான் மேப் சரியாக வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். டிங்கிளுக்கு மேற்கே ஐரிஷ் பேசும் பகுதி, ஊர்ப் பலகைகளும் ஐரிஷில் மட்டும் இருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

இப்போது அடுப்பு. கேஸ் என்றால் கவலை இல்லை. இண்டக்‌ஷன் என்றால் உங்கள் அலுமினியக் குக்கர் அங்கே வெறும் அலங்காரம்தான், இண்டக்‌ஷன் அடி உள்ள ஸ்டீல் குக்கராக இருக்க வேண்டும். கண்ணாடி மேல்தட்டு மட்டும் போட்ட சாதாரண மின் அடுப்பு என்றால், அடி தட்டையாக இருந்தால் போதும். வீணாக ஆராய வேண்டாம் என்றால் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுங்கள், சாதப் பிரச்சினை தீர்ந்தது. இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், சாம்பார் பொடி, குழம்புப் பொடி எல்லாம் லூக்கனிலேயே அரைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டால் மிக்ஸி தேவைப்படாது. மாவு எடுத்துப்போவதாக இருந்தால் புளித்த மாவாக எடுத்துப் போங்கள், அந்த வீட்டுக் குளிரில் அது பொங்காது. கறிவேப்பிலை, பெருங்காயம், உறைந்த தேங்காய்த் துருவல் இவை டப்ளின் இந்தியக் கடையிலேயே. பால், தயிர், காய்கறி, ரொட்டிக்கு டிங்கிளில் சூப்பர்வேல்யூ சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. கொஞ்சம் மலிவாக வேண்டுமானால் வழியில் ட்ரலீயில் நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு பேர் என்றால் ஏழு சீட் வண்டி எடுப்பீர்கள். மூன்றாம் வரிசையைத் திறந்துவிட்டால் டிக்கியில் ஒரு அரிசி மூட்டை வைக்கக்கூட இடம் இருக்காது. கூரைப் பெட்டி ஒன்று வாடகைக்குச் சொல்லி வையுங்கள்.

தாளிப்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டுவிடுங்கள். காய்ந்த மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும், அத்தை பதறிவிடுவார்கள். ஒதுக்குப்புற வீடுகளில் கழிவுநீர் போவது தோட்டத்தில் புதைத்த செப்டிக் டேங்குக்கு. எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் சிங்கில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பழைய டப்பாவில் எண்ணெயை வடித்துக் குப்பையில் போடுங்கள்.

குளிக்கிற விஷயமும் பெரியவர்களுக்குச் சொல்லித்தான் தர வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்க இம்மர்ஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் சிங்க், பாத் என்று இரண்டு நிலை. சிங்க் என்று வைத்தால் கை கழுவும் அளவுக்குத்தான் சூடாகும். ஆறு பேரும் வரிசையாகக் குளித்தால் நான்காவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். எலெக்ட்ரிக் ஷவர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மேற்கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால்தான் அதற்கு மின்சாரம் வரும். அந்தக் கயிறு தெரியாமல் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு வருவார்கள், பாவம். ஒரு வாளியும் மக்கும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த ஐரிஷ் காட்டேஜிலும் அது இருக்காது.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. அவர் ஊர்க் கடல் வேறு, இது வேறு. நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள். டிங்கிள் இருக்கும் கெர்ரி மாவட்டக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று, நான்கு மீட்டர் வரை போகும். காலையில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை மணலாகக் கிடந்த இடத்தில் மத்தியானம் கடல் நிற்கும். இன்ச் கடற்கரையில் வண்டியை மணலிலேயே இறக்கி நிறுத்துவது அங்கே பழக்கம். பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனது தெரியாமல் வண்டியைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. வண்டியை மேலேயே நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்கினால் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே மட்டும், உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும். யாராவது மாட்டிக்கொண்டால் நீங்கள் குதிக்காமல் 112-ஐ அழைத்து கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள். அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, கிளம்பும் முன் போனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அவர் மனசு மாறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கோடையில் கரைக்கு வரும் மக்கரல் நம்ம கானாங்கெளுத்தி ஜாதிதான். டிங்கிள் துறைமுகப் பக்கம் மீன் கடையில் கேட்டுப் பாருங்கள். தோலில் பச்சையும் நீலமுமாக வரி மின்ன, கண் தெளிவாக, உடம்பு விறைப்பாக இருந்தால் அன்றைக்குப் பிடித்தது. மாமாவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடையில் தலையை வெட்டிப் போட்டுவிடுவார்கள், குழம்புக்குத் தலை வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லுங்கள். கொழுப்பான மீன், அன்றே குழம்பு வைத்துவிடுங்கள். அத்தை கை வைக்கும் நாள் அதுவாக இருக்கட்டும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பார்த்துவிட்டு மாமா பறிக்கக் கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள். கோடையில் அதில் நச்சு சேரும், சமைத்தாலும் போகாது. கடைச் சிப்பி பரிசோதித்து வருவது, அதை வாங்கலாம்.

ஊர் சுற்ற ஒரு முழு நாள் ஸ்லே ஹெட் வளைவுச் சாலைக்கு. பேருந்துகள் போகும் திசையிலேயே, கடிகாரம் சுற்றும் பக்கமாகப் போனால் எதிரே பேருந்து வந்து திணற வேண்டியிருக்காது. சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய கேலரஸ் தேவாலயத்தை மாமா ரசிப்பார். டன்குவின் படகுத்துறைக்கு இறங்கும் பாதை பாம்பு மாதிரி வளைந்து செங்குத்தாக இறங்கும், அத்தையை மேலேயே நிற்க வைத்துக் காட்டினால் போதும். எதிரே தெரிவது கிரேட் பிளாஸ்கட் தீவு. பிழைப்பு ஓடாமல் ஆட்கள் குறைந்துகொண்டே போய், 1953-இல் மிச்சம் இருந்தவர்களையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கதை முழுவதையும் டன்குவினில் உள்ள பிளாஸ்கட் மையத்தில் நனையாமல் பார்க்கலாம், அதனால் அதை மழை நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். மழை நாள் நிச்சயம் உண்டு. குடை வேண்டாம், காற்று திருப்பிப் போட்டுவிடும், ஆளுக்கொரு மழைக்கோட்டு போதும். ஜூலையிலும் பகல் வெயில் 18 டிகிரியைச் சுற்றித்தான், பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் எடுத்து வையுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் காட்டும் ஃபங்கி டால்பினைப் பார்க்கலாம் என்று சின்னவனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1983-இலிருந்து அந்தத் துறைமுகத்தில் இருந்தது, 2020 அக்டோபருக்குப் பிறகு காணவில்லை.

ஸ்கெலிக் மைக்கேல் தீவுக்குப் போகலாமா என்று கணவர் கேட்பார். கைப்பிடி இல்லாத 618 கல் படிகள், திறந்த கடலில் படகுப் பயணம். இந்தத் தடவை அத்தையோடு அது வேண்டாம். அவருக்கு ஆசை அடங்கவில்லை என்றால் கானர் கணவாய்ச் சாலையில் ஒரு தடவை போய் வரட்டும். பெரிய வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, வாடகை வண்டியின் எடையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஜூலையில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், சாப்பாடு முடிந்த பிறகுகூடப் போகலாம். அவர் சமைக்கும் ராத்திரிகளில் வேண்டாம், அன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பவர்கள் காத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். வெள்ளி ராத்திரியே குப்பையைப் பிரித்து வைத்துவிடுங்கள். வாரம் முழுக்கச் சேர்ந்த தண்ணீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டில், டின்களை நசுக்காமல் தனிப் பையில் போடுங்கள். அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட் என்று வாங்கும்போது கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். ட்ரலீயில் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், ஐஸ்கிரீமுக்கு ஆகும்.